விலை விழுந்த காலத்தில் வேலை கொடுத்த பைக்காரா



மழை பொய்த்தால் பஞ்சம் வரும். இது நமக்குத் தெரிந்ததுதான். மழை நன்றாகப் பெய்து, வெள்ளாமை வீடு வந்து சேர்ந்த பிறகும் ஒரு பஞ்சம் வருவதுண்டு. அதுதான் விலைப் பஞ்சம். 1929-ஆம் வருஷம் அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்தது. அந்தச் சரிவு உலகம் பூராவும் பரவி, நம் ஊர்க் களத்து மேட்டுக்கும் வந்து சேர்ந்தது. நெல், பருத்தி, நிலக்கடலை எல்லாமே நாலைந்து வருஷத்தில் ஏறக்குறைய பாதி விலைக்கு இறங்கிவிட்டன. விலைதான் இறங்கியதே தவிர, நிலத் தீர்வையும் இறங்கவில்லை, கடனுக்கு வட்டியும் இறங்கவில்லை. 1931-க்குப் பிறகு கிராமத்துப் பெண்களின் தாலிக்கொடியும் காதுத்தோடும் கூட விலை போய்க் கப்பல் ஏறின. மலேயா ரப்பர் தோட்டங்களில் வேலை இல்லை என்று லட்சத்துக்கும் மேற்பட்ட நம் ஜனங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் விலை இல்லை, வெளியூரில் வேலை இல்லை. அப்படி ஒரு காலம்.

அந்தக் காலத்தில்தான் நீலகிரி மலையில் ஒரு காரியம் நடந்தது. அதன் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

மலையிலிருந்து இறங்கிய தண்ணீர்

சென்னை மாகாண சர்க்கார் 1927-ல் மின்சாரத்துக்கென்று தனி இலாகா ஏற்படுத்தியது. 1929-ல் பைக்காரா நீர்மின் திட்டத்தைத் தொடங்கினார்கள். நெருக்கடி வரப்போகிறது என்று தெரிந்து தொடங்கிய வேலை இல்லை இது. தொடங்கிய பிறகுதான் நெருக்கடி வந்தது. ஆனாலும் பாதியில் கைவிடாமல் கட்டி முடித்தார்கள். 1932-ல் மின்சாரம் வந்துவிட்டது.

இதன் தத்துவம் ரொம்ப எளிது. மேலே கிளன்மார்கனில் தண்ணீரைச் சேர்த்து, பெரிய இரும்புக் குழாய் வழியாகச் சுமார் 3,000 அடி கீழே இருக்கும் சிங்காராவுக்கு இறக்கினார்கள். அந்த வேகத்தில் சக்கரம் சுழலும், மின்சாரம் பிறக்கும். முதலில் வைத்த இயந்திரங்கள் மூன்று. இதில் நிலக்கரி எரிக்க வேண்டியதில்லை. தண்ணீரும் செலவாகிப் போவதில்லை. சக்கரத்தைச் சுற்றிய அதே தண்ணீர் மாயாற்றில் ஓடி, இன்றைக்குப் பவானிசாகர் அணையில் சேர்ந்து, கோபி பக்கத்து வயலுக்கும் பாய்கிறது. மழை பெய்யும் மட்டும் தீராத சரக்கு இது.

கட்டும்போது மலையில் கல் உடைக்க, குழாய் ஏற்ற, கம்பம் நட என்று கூலி வேலை கிடைத்தது. அதே சமயத்தில் மேட்டூர் அணை வேலையும் நடந்துகொண்டிருந்தது. 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த வேலை அது. இந்த வேலைகள் பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றின என்பது நிஜம். ஆனால் ஒன்று கவனியுங்கள். கட்டி முடித்ததும் அந்த வேலையும் முடிந்துவிட்டது. மின் நிலையத்தை ஓட்டுவதற்குக் கொஞ்சம் ஆட்களே போதும். அப்படியானால் நிலைத்து நிற்கிற வேலை எங்கிருந்து வந்தது?

கம்பி போன வழியில் வேலை போனது

கம்பி கோயமுத்தூருக்கு வந்தது. வேலையும் கூடவே வந்தது. அதற்கு முன்னால் மில் ஓட்ட வேண்டுமானால் வங்காளம், பீகார் பக்கமிருந்து ரயிலில் நிலக்கரி வரவேண்டும். அதற்குக் கூலி கட்டி மாளாது. பைக்காரா மின்சாரம் வந்ததும் அந்தத் தொல்லை விட்டது. கம்போடியா பருத்தி பக்கத்திலேயே விளைந்தது, அதுவும் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. அந்நியத் துணிக்கு இறக்குமதி வரியும் கூடியது. விவசாயத்திலும் வட்டித் தொழிலிலும் போட்டால் பணம் திரும்பாது என்று கண்ட வசதியுள்ள குடும்பங்கள், அந்தப் பணத்தை மில்லில் போட்டன. நாடே படுத்துக் கிடந்த வருஷங்களில் கோயமுத்தூரைச் சுற்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக மில்கள் எழும்பின.

மில்லை ஒட்டி அரவை ஆலை, வார்ப்படப் பட்டறை, மோட்டார் பழுது பார்க்கும் கடை எல்லாம் வந்தன. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோயமுத்தூரிலேயே மின்சார மோட்டார் செய்தார்கள். இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். இன்றைக்கு நம் கிணற்றில் ஓடும் மோட்டார் பம்புத் தொழிலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கிணற்றுக்கும் விமோசனம் வந்தது. அவிநாசி பக்கம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "எங்கப்பா கோழி கூப்பிடறதுக்கு முன்னால கவலை பூட்டுவாருங்க. ரெண்டு ஜோடி மாடு, ரெண்டு ஆள். உச்சி வெயில் வரைக்கும் இறைச்சாலும் அரை ஏக்கர் நனையாதுங்க." ஆழக் கிணற்றிலிருந்து சால் சாலாக இறைத்த தண்ணீரை மோட்டார் மளமளவென்று மேலே கொண்டுவந்தது. பாய்கிற நிலம் கூடியது. நிலம் கூடினால் நாற்று நட, களை எடுக்க, அறுக்க ஆள் வேண்டும். இறைப்பு ஆளுக்கு வேலை போனது உண்மைதான். ஆனால் வயலில் வேறு வேலை பிறந்தது.

மறுபக்கமும் உண்டு

எல்லாம் சுபம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். முதலில் மோட்டார் வைத்தவர்கள் கையில் பணம் இருந்தவர்கள்தான். நிலமில்லாதவர் மில் வாசலுக்குப் போனார். அங்கே கூலி குறைவு, வேலை நேரம் அதிகம். 1934-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் வேலை நேரத்தைக் குறைத்தும் கூட, வாரத்துக்கு 54 மணி நேரம் உழைக்க வேண்டியிருந்தது. 1937, 38-ல் கோவை மில்களில் வேலைநிறுத்தங்கள் நடந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. விவசாயியின் கடனையும் மின்சாரம் தீர்க்கவில்லை. அதற்கு 1938-ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. மோட்டார் பெருகப் பெருகக் கிணற்று நீர்மட்டம் இறங்கிய கதையை நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் போர்வெல்லே சொல்லும்.

நமக்கு என்ன பாடம்?

இப்போது முப்பந்தலிலும் பல்லடம், உடுமலைப் பக்கமும் காற்றாலைகள் சுற்றுகின்றன. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல் வந்தது. இன்னும் பல ஊர்களில் சோலாருக்கு நிலம் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். "ஊருக்கு வேலை கிடைக்கும்" என்கிறார்கள். நல்லது, கிடைக்கட்டும். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் பைக்காராவை நினைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். கட்டுகிற வேலை எத்தனை மாசம்? கட்டி முடிந்த பிறகு எங்கள் ஊரில் எத்தனை பேருக்குச் சம்பளம்? இந்த மின்சாரத்தால் எங்கள் ஊரில் என்ன தொழில் ஓடப் போகிறது?

முதல் கேள்விக்குப் பதில் சீக்கிரம் வந்துவிடும். மூன்றாவது கேள்விக்கான பதிலை நாமும் சேர்ந்துதான் உண்டாக்க வேண்டும். பால் குளிரூட்டும் நிலையமா, எண்ணெய் செக்கா, காய்கறி கெடாமல் வைக்கும் குளிர் கிடங்கா என்று ஊர்கூடிப் பேசுங்கள். படித்த பிள்ளைகளுக்கு மோட்டார் வேலையும் சோலார் வேலையும் கற்றுக்கொடுங்கள். விலை விழுந்த காலத்தில் கோயமுத்தூர் எழுந்து நின்றதற்குக் காரணம், மலையிலிருந்து வந்த கம்பியைப் பிடித்துக்கொள்ள அங்கே பட்டறையும் பருத்தியும் மனிதர்களும் தயாராக இருந்ததுதான்.

நம் ஊரும் தயாராக இருக்கட்டும்.