பழைய காரும் கண்ணீர்த்துளி வண்டியும்: எடையில் கவனம் தேவை

பக்கவாட்டில் பார்க்கக் கண்ணீர்த்துளி போல இருப்பதால் ‘டியர்டிராப்’ என்று பெயர் பெற்றது இந்தச் சிறிய முகாம் டிரெய்லர். 1930-களில் அமெரிக்காவில் தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டு இதழ்கள் வரைபடங்களை வெளியிட, பலர் வீட்டிலேயே செய்துகொண்டனர்.

4 அடி அகலம், 8 அடி நீளம் என்பது இதன் வழக்கமான பழைய அளவு. ஒரு முழு பிளைவூட் பலகையின் அளவும் அதுவே. இரும்புச் சட்டத்தின் மேல் பலகைத் தளம், வளைந்த கூரை, அதன்மேல் அலுமினியத் தகடு. உள்ளே இருவர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்மூடியைத் தூக்கினால் சமையல் மேடை.

இழுப்பது பழைய கார் என்றால் எடைதான் முக்கியம். 1956-இல் வந்த மோரிஸ் மைனர் 1000 காரின் 948 சிசி இயந்திரத்திற்கு 37 குதிரைத்திறன்தான். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பிரேக் இல்லாத டிரெய்லரைச் சேர்த்தால், நிறுத்தும் தூரம் கூடும். இறக்கத்தில் சிறிய கியரில் மெதுவாக இறங்க வேண்டும்.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மீது அழுந்த வேண்டும். 300 கிலோ என்றால் 30 முதல் 45 கிலோ. சமையல் பொருள், தண்ணீர் எல்லாம் பின்னால் குவிந்தால் முன்பாரம் குறையும். வேகத்தில் டிரெய்லர் இருபுறமும் ஆடி, காரையும் இழுத்துக் கவிழ்க்கக்கூடும். ஆகவே, கனமான பொருள்களை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். புறப்படும் முன், குளியலறைத் தராசில் முன்பாரத்தை நிறுத்துப் பாருங்கள்.

மலேசியாவில் செய்ய நினைப்போர், இரும்பை வெட்டுவதற்கு முன்பே ஜேபிஜேயில் விதிமுறைகளைக் கேட்டறிவது நல்லது.