வசனமும் நூலும்: பதின்ம வயதினருக்கான வேதபாடம்

தமிழகத்துச் சீர்திருத்தத் திருச்சபைகளில் வேதபாடம் நெடுங்காலமாக மனப்பாடத்தையே அடித்தளமாகக் கொண்டுள்ளது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, மார்ட்டின் லுத்தர் 1529இல் வெளியிட்ட சிறு ஞானோபதேசத்தை, அதாவது விசுவாசத்தின் அடிப்படைகளை வினாவிடையாகப் புகட்டும் கைந்நூலைத் தமிழாக்கினார். விடையைப் பிசகாமல் ஒப்புவிக்கும் அந்த முறையோடு, ஓய்வுநாள் பாடசாலையின் மனன வசனமும் பின்னாளில் சேர்ந்து கொண்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது நன்மையே. செவிவழிப் பதிந்த சொல் முதுமை வரை உடன் வரும். ஆயினும் திடப்படுத்தல் வகுப்புக்கு, அதாவது ஞானஸ்நான உடன்படிக்கையைத் தானே அறிக்கையிட்டுத் திருவிருந்தில் பங்குபெற ஆயத்தமாகும் வகுப்புக்கு வரும் வயதிலும் அதே முறை தொடர்வதுதான் சிக்கல்.

வசனம் என்னும் அலகே பிற்காலத்தது. புதிய ஏற்பாட்டில் இன்று வழங்கும் வசன எண்களை 1551இல் இட்டவர் ரொபேர் எஸ்தியென் என்னும் அச்சகர்; அதற்கு முன் பல நூற்றாண்டுகளாகத் திருச்சபை நிருபத்தை நிருபமாகவும் சுவிசேஷத்தைச் சுவிசேஷமாகவுமே வாசித்து வந்தது.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் தேர்வுக்கால ஜெபங்களிலும் தவறாது இடம்பெறும் எரேமியா 29:11, வசனத்தை அதன் நூலிலிருந்து பிரித்தால் பொருள் மாறிப்போகும் என்பதற்கு நல்ல சான்று. கர்த்தர் தம் மக்களைக் குறித்துக் கொண்டிருப்பது சமாதானத்துக்கான நினைவுகளே என்னும் அவ்வசனம், எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் நடுவில் நிற்கிறது. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பி வருவர் என்று ஆலயத்தில் முழங்குகிறான். எரேமியாவோ எழுபது ஆண்டுகள் என்கிறார், அதுவரை அந்நிய மண்ணில் வீடு கட்டவும், தோட்டம் நாட்டவும், பெண் கொண்டு பெண் கொடுக்கவும், பகைவரின் நகரத்துக்காக ஜெபிக்கவும் சொல்கிறார். பதினைந்து வயதில் சிறைப்பட்டவனுக்கு அந்த வாக்குத்தத்தம் நிறைவேறும்போது எண்பத்தைந்து வயதாகியிருக்கும். இந்தக் கணக்கை மாணவரே போட்டுப் பார்க்கும் வகுப்பில், அனனியாவின் இனிய சொல்லை மக்கள் ஏன் விரும்பினர், மெய்யான தீர்க்கதரிசியை எப்படி இனங்காண்பது என்னும் வினாக்கள் தாமே எழும். அட்டையை மட்டும் கையில் பெற்றவர், மதிப்பெண் குறைந்த நாளில் வசனம் பொய்த்ததென்று எண்ண இடமுண்டு. அனனியாவின் இரண்டு ஆண்டுகளையே அவர் எரேமியாவின் பெயரால் மனனம் செய்திருக்கிறார் என்றுகூடச் சொல்லலாம்.

இளையோரின் ஐயங்களைக் கண்டு ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை. கடவுளோடு வழக்காடும் யோபுவும், ஆறுதலின்றி இருளிலேயே முடியும் 88ஆம் சங்கீதமும் வேதத்துக்குள்ளேயே உள்ளன. பன்னிரண்டு வயது இயேசுவையும், ஆலயத்தில் போதகர் நடுவே கேட்டுக்கொண்டும் வினவிக்கொண்டும் இருந்தவராகவே லூக்கா காட்டுகிறார்.

நடைமுறையில், நூலை முழுமையாக வாசித்துக் கற்பிப்பதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. பதினாறு அதிகாரங்களே கொண்ட மாற்கு சுவிசேஷத்தை வாலிபர் முகாமின் ஒரு மாலைப்பொழுதில், ஆளுக்கொரு பகுதியாக உரக்க வாசித்து முடித்துவிடலாம். மாற வேண்டியது பெரும்பாலும் தேர்வுத்தாள்தான்: கோடிட்ட இடத்தில் விடுபட்ட சொல்லை நிரப்பச் சொல்லும் வினாவோடு, இக்கடிதத்தை எழுதியவர் யார், எந்த நிலையிலிருந்தவர்களுக்கு எழுதினார், அவர்கள் எதைக் கேட்க விரும்பியிருப்பர் என்னும் வினாக்களும் அதில் இடம்பெற வேண்டும்.