கால் மைல் ஓட்டமும் ஒரு சிவப்பு சுவிட்சும்

கார்ப் பந்தயம் என்றால் எங்கள் வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சோழவரம்தான். கல்கத்தா நெடுஞ்சாலையில், செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்து சும்மா கிடந்த அந்த இடத்தில், 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பாடி, அம்பத்தூர் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த எங்களில் பலர் சைக்கிள் மிதித்துப் போய் வெயிலில் நின்று பார்த்திருக்கிறோம். அங்கே ஓடிய வண்டிகளில் பல, பியட்டையும் ஹெரால்டையும் அம்பாசடரையும் வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் போட்டு மாற்றிக் கட்டியவை.

நான் சொல்ல வந்தது சோழவரத்தின் கதை அல்ல. அதே மாதிரி போர்க்கால ஓடுதளங்களில் அமெரிக்காவில் வளர்ந்த இன்னொரு பந்தயத்தின் கதை. அதற்கு ‘டிராக் ரேஸ்’ என்று பெயர். இழுப்பது என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல் அது. வளைவே கிடையாது. இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாக நிற்கும். விளக்கு மாறியதும் நேர்க்கோட்டில் கால் மைல், அதாவது 1320 அடி, நம் கணக்கில் சுமார் 402 மீட்டர் ஓட வேண்டும். யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவருக்கு வெற்றி. பத்துப் பன்னிரண்டு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும்.

இவ்வளவு சின்ன ஓட்டத்தில் என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தவன்தான். 2012-இல் தெற்குக் கலிபோர்னியாவில் இருக்கும் என் மகன் வீட்டில் ஐந்து மாதம் தங்கியபோது, பக்கத்து வீட்டு ஷெட்டில் நான்கு நண்பர்கள் சேர்ந்து இப்படி ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாடியில் 32 வருடம் ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் ஆல்டர்னேட்டருமாகக் காலம் தள்ளியவன் நான். சும்மா இருக்க முடியுமா? மாலை நடைக்குப் போகிறவன் அந்த ஷெட் வாசலில் நிற்க ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் உள்ளே கூப்பிட்டு ஒரு ஸ்டூலைப் போட்டார்கள். அங்கே கேட்டதும், பிறகு படித்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

போருக்கு முன்பே கலிபோர்னியா இளைஞர்கள் பழைய போர்டு கார்களை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, என்ஜினைச் செப்பனிட்டு, ஊருக்கு வெளியே வறண்டு கிடந்த ஏரிப் படுகைகளில் வேகம் பார்ப்பார்கள். அதற்காக 1937-இலேயே ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் நிலைமை மாறியது. பட்டாளத்தில் விமானமும் டாங்கியும் பழுதுபார்த்த பையன்கள் கையில் தொழிலோடும் கொஞ்சம் காசோடும் ஊர் திரும்பினார்கள். பழைய கார்கள் மலிவாகக் கிடைத்தன. ஏரிப் படுகையோ தூரம். அதனால் ஊர்ச் சாலையிலேயே ராத்திரியில் போட்டி போட ஆரம்பித்தார்கள். விபத்துகள் நடந்தன. இந்தப் பையன்களையே ஒழித்துக்கட்ட வேண்டும் என்று ஊரார் பேசினார்கள்.

அப்போது ‘ஹாட் ராட்’ என்ற பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் வாலி பார்க்ஸ். பையன்களைத் திட்டுவதைவிட அவர்களுக்கு ஓர் இடமும் சில விதிகளும் கொடுப்பதே வழி என்று நினைத்தார். 1950-இல் சான்டா அனா விமான நிலையத்தின் ஓர் ஓடுதளத்தில் வாராவாரம் டிராக் ரேஸ் நடக்கத் தொடங்கியது. மறு ஆண்டு, 1951-இல், பார்க்ஸ் முன்னின்று தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். அதன் முதல் அதிகாரபூர்வப் பந்தயம் 1953-இல் போமோனா நகரில் நடந்தது. அந்த ஊர்க் காவல்துறையே அதற்குத் துணை நின்றது. 1954-இல் சங்கத்தின் ஆட்கள் நான்கு பேர் ஒரு வண்டியும் டிரெயிலருமாக ஊர் ஊராகப் போய், பந்தயத்தைப் பத்திரமாக நடத்துவது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்கள். 1955-இல் முதல் தேசியப் போட்டி கான்சாஸ் மாநிலத்தில் கிரேட் பெண்ட் என்ற ஊரில் நடந்தது. அதுவும் போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம்தான்.

அன்று அங்கே ஓடியவை பெரிய கம்பெனிகள் செய்து கொடுத்த கார்கள் அல்ல. வீட்டுக் கொல்லையிலும் ஷெட்டிலும் நாலு நண்பர்கள் கூடிக் கட்டியவை. ஒருவனுக்கு வெல்டிங் தெரியும், ஒருவனுக்கு என்ஜின், ஒருவனுக்கு வயரிங். ஓட்டுவதற்கு ஒருவன். புளோரிடாக்காரரான டான் கார்லிட்ஸும் இப்படி வீட்டில் கட்டித்தான் ஆரம்பித்தார். பின்னாளில் இந்தப் பந்தயத்தின் மிகப் பெரிய பெயராக அவர் ஆனார்.

அவருக்கு நடந்ததைச் சொன்னால் இந்த விளையாட்டின் சரித்திரம் பாதி விளங்கிவிடும். அந்தக் காலத்து நீள வண்டிகளில் என்ஜின் முன்னால் இருக்கும். அதற்குப் பின்னால், கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கமாகக் காலை நீட்டிக்கொண்டு ஓட்டுநர் உட்காருவார். 1970 மார்ச் 8 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் லயன்ஸ் என்ற பந்தயத் தளத்தில், கார்லிட்ஸ் கிளம்பிய நொடியில் அந்த கியர்பாக்ஸ் வெடித்தது. வண்டி இரண்டாகப் பிளந்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி போய்விட்டது. அவர் ஆஸ்பத்திரியிலேயே யோசித்து, ஊர் திரும்பியதும், என்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்துப் புதிய வண்டி கட்டினார். பின்னால் என்ஜின் வைத்த வண்டிகள் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் நேராக ஓடாது என்று பலர் கைவிட்டிருந்தார்கள். 1971-இல் போமோனாவில் அந்த வண்டி ஜெயித்தது. சில வருடங்களில் அந்த வகுப்பு வண்டிகள் எல்லாமே அப்படி மாறிவிட்டன.

இப்படி இந்த விளையாட்டில் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் உடம்பு இருக்கிறது. 2008-இல் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர், என்ஜின் வெடித்து, வண்டியை நிறுத்த முடியாமல் தளத்தின் கோடிவரை போய் இறந்தார். அதன்பின் மிக வேகமான வகுப்புகளுக்கு ஓட்ட தூரத்தையே 1320 அடியிலிருந்து 1000 அடியாகக் குறைத்தார்கள். நிற்பதற்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும் என்பதற்காக.

இனி பக்கத்து வீட்டு ஷெட்டுக்கு வருகிறேன். அங்கே நின்றது 1970-ஆம் வருடத்து செவர்லே நோவா. எட்டு சிலிண்டர் என்ஜின், 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர். நம் பழைய அம்பாசடர் என்ஜின் ஒன்றரை லிட்டர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சீட்டு, மேட்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, வண்டி உருண்டாலும் கூரை நசுங்காதபடி இரும்புக் குழாயில் கூண்டு வெல்டிங் செய்திருந்தார்கள். பழைய வயரிங் முழுவதையும் உருவி எறிந்துவிட்டுப் புதிதாக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

பந்தய வண்டிக்கு என்ன வயரிங், ஹாரனும் வைப்பரும் கூடக் கிடையாதே என்று தோன்றும். ஆனால் வேறு பல இருக்கின்றன. பெட்ரோல் பம்பு மின்சாரம். தண்ணீர் பம்பும் ரேடியேட்டர் விசிறியும் மின்சாரம். கிளம்புமுன் பின்டயரைச் சுற்றவிட்டுச் சூடேற்றுவார்கள். அப்போது முன்சக்கர பிரேக்கை மட்டும் பிடித்து வைக்க ஒரு மின்சார வால்வு. என்ஜின் முழு வேகத்தில் உறுமும்போதும் வண்டி நகராமல் கியர்பாக்ஸைப் பூட்டி வைக்க இன்னொன்று. ஸ்டியரிங்கில் இருக்கும் பட்டனை விட்டதும் வண்டி பாயும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிலே, ஒரு பியூஸ். தகரத்தில் ஓட்டை போட்டு வயர் நுழைகிற இடத்தில் எல்லாம் ரப்பர் வளையம். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிப் பளிச்சென்று இரும்பு தெரிய வேண்டும். நம் ஊர் எலக்ட்ரீஷியன் செய்கிற அதே வேலைதான். டெஸ்ட் லாம்பைக் கையில் எடுத்தால் பாஷை தேவைப்படவில்லை.

பேட்டரியை டிக்கிக்கு மாற்றியிருந்தார்கள். பின்சக்கரத்தின் மேல் எடை கூடினால் டயர் நன்றாகப் பிடிக்கும் என்பது காரணம். அப்படி மாற்றினால், கட்டைவிரல் பருமன் கேபிள் ஒன்று டிக்கியிலிருந்து என்ஜின்வரை ஓட வேண்டும். விபத்தில் அது நசுங்கி பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பக்கத்திலேயே பெட்ரோல். அதனால் சங்கத்தின் விதிப்படி, பேட்டரியை இடம் மாற்றிய வண்டியில் பின்பக்கம் வெளியே ஒரு மெயின் சுவிட்ச் இருக்க வேண்டும். ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும் ஓடி வருகிறவர் அதை அணைத்தால் வண்டியில் மின்சாரமே இருக்கக் கூடாது. என்ஜினும் நிற்க வேண்டும். இவர்கள் சிவப்புக் கைப்பிடி வைத்த சுவிட்ச் ஒன்றைப் பின்னால் மாட்டியிருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை மாலை என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் பின்னால் போய் அந்தச் சிவப்பு சுவிட்சைத் திருப்பினார். என்ஜின் நிற்கவில்லை. சுகமாக ஓடிக்கொண்டே இருந்தது.

காரணம் எளிது. வீட்டில் மெயினை ஆப் செய்தாலும் இன்வெர்ட்டர் இருந்தால் விளக்கு எரியும் அல்லவா? அது போலத்தான். பேட்டரியைத் துண்டித்தாலும், ஓடுகிற என்ஜின் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. ஆல்டர்னேட்டர் கொடுக்கும் மின்சாரம் இக்னிஷனுக்குப் போகிறது. இக்னிஷன் என்ஜினை ஓட்டுகிறது. பெட்ரோல் பம்பும் பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

சனிக்கிழமை ஓட்டத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. சரிசெய்வதென்றால் கட்டி முடித்த வயர்க் கட்டைப் பிரிக்க வேண்டும். உள்ளே ஓட்டுநர் கைக்கு எட்டும் இக்னிஷன் சுவிட்ச் இருக்கிறதே, இந்த வாரம் இப்படியே போகலாம் என்றார் வண்டிக்காரர். ஓட்டப் போகிறவரும் அவர்தான். மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள்.

நான்காமவர் எழுபது வயதைத் தாண்டியவர். அதிகம் பேசாதவர். சட்டைக் கையை மடித்து முழங்கைவரை இருந்த தீத்தழும்பைக் காட்டினார். 1960-களில் இளைஞராக ஒரு குழுவில் இருந்தாராம். அவர்கள் வண்டியில் மேக்னெட்டோ இக்னிஷன். மேக்னெட்டோ தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே செய்துகொள்ளும், பேட்டரி வேண்டாம். அதை நிறுத்த சுவிட்சைப் போட்டு எர்த் கொடுக்க வேண்டும். காயில் இக்னிஷனில் வயர் அறுந்தால் என்ஜின் நிற்கும். மேக்னெட்டோவில் அந்த ஒரு வயர் அறுந்தால் சுவிட்ச் இருந்தும் பயன் இல்லை, என்ஜின் நிற்காது. ஒருநாள் ஓட்டத்தின் நடுவில் கிளட்ச் சிதறி அந்த வயரை அறுத்துவிட்டது. சுவரில் மோதி நின்ற வண்டியில் என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே எரிந்தது. நண்பனை வெளியே இழுத்தபோது பட்டதுதான் அந்தத் தழும்பு. நண்பன் பிழைத்தானா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வண்டிக்காரர் சிறிது நேரம் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை ஓட்டம் அதோடு முடிந்தது.

அடுத்த இரண்டு வார இறுதியும் வயரிங்தான். ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து அதன் பின்புறம் நான் படம் போட்டுக் கொடுத்தேன். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் சார்ஜிங் வயரை என்ஜின் பக்கம் கோக்காமல், தனியாக டிக்கிவரை கொண்டுபோய், நடுவில் பியூஸ் வைத்து, சிவப்பு சுவிட்சின் பேட்டரிப் பக்கத்து முனையில் கட்டினோம். இப்போது சுவிட்சைத் திருப்பினால், பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் ஒரு பக்கம், இக்னிஷனும் பம்பும் மறுபக்கம். திருப்பினோம். நின்றது. பெரியவர் இன்னொரு முறை என்றார். ஆறு முறை ஓட்டி ஆறு முறை நிறுத்திப் பார்த்தபின்தான் அவர் வீட்டுக்குப் போனார்.

அந்த வண்டி பிறகு கால் மைலை 12 விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. வேகக்காரர்கள் கணக்கில் அது ஒன்றுமில்லை. அந்தச் சிவப்பு சுவிட்சைத் தொட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

ஊருக்கு வந்தபின் ராத்திரி நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் பந்தயம், இத்தனை பேர் கைது, இன்னார் பலி என்று செய்தி படிக்கும்போதெல்லாம் போமோனாதான் ஞாபகம் வருகிறது. அங்கேயும் இதே கதைதான் நடந்தது. திட்டியதோடு நில்லாமல், ஓர் இடத்தைக் கொடுத்து, வண்டியைச் சோதித்து, ஓட்டவிட்டார்கள். சோழவரத்துக்குப் பின் 1990-இல் நமக்கும் இருங்காட்டுக்கோட்டைத் தளம் வந்தது. ஓட்டத் துடிக்கிற பேரன் வீட்டில் இருந்தால் அங்கே போய்க் கேட்கச் சொல்லுங்கள். அதற்குமுன், வண்டியில் கூடுதலாக விளக்கும் ஹாரனும் மாட்டியிருக்கிறானே, அவற்றுக்கு பியூஸ் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.