ரோவர்ஸ் கோப்பையும் சம்பளப் பட்டியலும்

மும்பையில் பத்து, பதினைந்து வருடமாகக் குப்பை கொட்டும் நம்மில் எத்தனை பேருக்குக் கூப்பரேஜ் மைதானம் தெரியும்? மந்த்ராலயாவுக்குக் கூப்பிடு தூரம். ஓவல் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடும் பையன்களை வேடிக்கை பார்க்க நின்றிருப்போம், ஆனால் அதற்குக் கொஞ்சம் தெற்கே சுவர் வைத்த ஒரு மைதானம் இருப்பதைக் கவனித்திருக்க மாட்டோம். கூப்பரேஜ் என்றால் பீப்பாய் செய்யும் பட்டறை. பட்டறை போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்த மைதானத்தில் பல பத்தாண்டுகள் நடந்து, 2000-01 பருவத்தோடு நின்றுபோன ரோவர்ஸ் கோப்பை பற்றித்தான் இந்தப் பதிவு.

ஆரம்பித்தது 1891-இல். பம்பாயில் இருந்த வெள்ளைக்காரக் கால்பந்து ரசிகர்கள் சேர்ந்து தொடங்கினார்கள். சிம்லாவில் டூராண்ட் கோப்பை 1888, கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு 1893. நடுவில் நம்ம பம்பாய். வயதில் ஷீல்டுக்கு அண்ணன் என்றாலும் பெயரும் புகழும் தம்பிக்குத்தான் கிடைத்தது. 1911-இல் மோகன் பகான் வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று ஜெயித்தது அந்த ஷீல்டில்தானே!

நான் பி.காம். படித்தவன். பழைய கணக்குப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், கடைசி வரியில் உள்ள தொகையை விட, பணம் யாரிடமிருந்து வந்தது என்றுதான் முதலில் கண் போகும். ரோவர்ஸ் கோப்பையை ஜெயித்தவர்களின் பட்டியலையும் அப்படியே படித்துப் பார்த்தேன். அதில் இருப்பவை அணிகளின் பெயர்கள் என்று தோன்றும். உண்மையில் அவை முதலாளிகளின் பெயர்கள். அந்தந்தக் காலத்தில் இந்தியாவில் பந்து உதைப்பவனுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது யார் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான ஆவணம் கிடைக்காது.

முதல் பக்கம் முழுக்க பட்டாளம். முதல் வருடம் ஜெயித்தது வூஸ்டர்ஷயர் ரெஜிமென்ட். அதன் பிறகு நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல், ஒரு வெள்ளைக்கார ரெஜிமென்ட் போனால் இன்னொரு ரெஜிமென்ட். சம்பளம் லண்டன் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1923-இல் மோகன் பகான் இங்கே வந்து இறுதி ஆட்டம் வரை போனது. டர்ஹம் லைட் இன்ஃபன்ட்ரியிடம் 1-4 என்று தோற்றது.

அந்தச் சுவரை உடைத்தது கல்கத்தாவும் இல்லை, பம்பாயும் இல்லை. பெங்களூர்! 1937-இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. அடுத்த வருடமும் அவர்களே. 1940-இல் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் ஜெயித்தது. பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம், அல்சூர், ஆஸ்டின் டவுன் சந்துகளில் கால்பந்து எப்படி ஊறியிருந்தது என்பதை அங்கே வேலை பார்த்த நம்மவர்கள் அறிவார்கள். பட்டாளத்தை நம்பிப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்த இடம் அது. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் ஃபிரான்ஸுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோலுக்குச் சொந்தக்காரர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன்தான். அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகளைக் கோட்டைவிட்டு 1-2 என்று தோற்றோம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, பட்டியலுக்கு வருவோம்.

1950 முதல் 1954 வரை, தொடர்ந்து ஐந்து வருடம் ஒரே பெயர்: ஹைதராபாத் சிட்டி போலீஸ். இடையில் ஒரு வருடம்கூட விடவில்லை. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், பள்ளிக்கூட வாத்தியார். இந்தியா 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியதும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நான்காவது இடம் பிடித்ததும் இவர் காலத்தில்தான். மைதான் என்ற ஹிந்திப் படம் 2024-இல் வந்த பிறகு இவர் பெயர் கொஞ்சம் வெளியே தெரிகிறது. எனக்கு ஆச்சரியம் அந்த அணியின் பெயரில் இருக்கும் 'போலீஸ்' என்ற சொல் மேல்தான். அந்த ஆட்டக்காரர்கள் காவல்துறையின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள். முதல் தேதி வந்தால் சம்பளம், வயதானால் பென்ஷன். காலையில் பயிற்சி. ஏழை வீட்டுப் பையனுக்கு அம்மா அப்பா தைரியமாகப் பந்தைக் கொடுத்தார்கள் என்றால், கோப்பையை நினைத்துக் கொடுக்கவில்லை, அந்த வேலையை நினைத்துக் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் துளசிதாஸ் பலராமைச் சொல்லாமல் போக முடியாது. செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1936-இல் பிறந்தவர். வறுமை என்றால் சாதாரண வறுமை இல்லை. ரஹீம் இவரைப் பயிற்சிக்குக் கூப்பிட்டபோது, செகந்திராபாத்திலிருந்து ஹைதராபாத்துக்கு வர வழியில்லை என்றாராம். வாடகை சைக்கிளுக்கு ரஹீமே காசு கொடுத்தார் என்பது பலமுறை எழுதப்பட்ட கதை. அந்தப் பையன்தான் 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் ஹங்கேரிக்கு எதிராக கோல் அடித்தான். 1962 ஜகார்த்தாவில் தங்கம் வாங்கிய அணியிலும் இருந்தார். (அதே அணியில் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், அருமைநாயகம், எதிராஜ் என்று பெயர்களைப் படித்தால் நம்ம தெரு ரேஷன் கார்டு வரிசை மாதிரி இருக்கும்!) ஈஸ்ட் பெங்காலில் உச்சத்தில் இருந்த பலராம், 1963-இல் பி.என்.ஆர். அணிக்குப் போனார். பி.என்.ஆர். என்றால் பெங்கால் நாக்பூர் ரயில்வே. கல்கத்தாவில் நட்சத்திரமாக இருப்பதைவிட ரயில்வேயில் நிரந்தர உத்தியோகம் பெரிசு என்று அந்தத் தலைமுறை நினைத்ததில் என்ன தப்பு? உடம்பு ஒத்துழைக்காமல் சீக்கிரமே ஆட்டத்தை விடவேண்டி வந்தது. கடைசிவரை கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் இருந்து, 2023 பிப்ரவரியில் காலமானார். பந்து கைவிட்ட பிறகும் ஆறு பத்தாண்டு வாழ்க்கை பாக்கி இருக்கும் என்பதை எந்த ரசிகனும் யோசிப்பதில்லை.

மறுபடி பட்டியல். 1958: கால்டெக்ஸ். பெட்ரோல் பங்க் கால்டெக்ஸேதான். பம்பாயில் ஆபீஸ் வைத்திருந்த எண்ணெய்க் கம்பெனி கால்பந்து அணி நடத்தி ரோவர்ஸை ஜெயித்தது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்த நெவில் டிசோசா, டாடா அணிக்கும் இந்தக் கால்டெக்ஸுக்கும் ஆடியவர். 1964-இல் பி.என்.ஆர். 1965-இல் மஃபத்லால் மில்ஸ். பட்டாளம், போலீஸ், பெட்ரோல், ரயில், துணி என்று வரிசையாகப் படித்தால் ஏதோ பொருளாதாரப் பாடப் புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி இல்லை?

இவர்கள் எல்லோரும் காகிதத்தில் அமெச்சூர். ஆடுவதற்காகப் பணம் வாங்காதவர்கள். ஆனால் கிளார்க், கான்ஸ்டபிள், டைம் கீப்பர் என்று ஏதோ ஒரு பதவியில் சம்பளம் வாங்குபவர்கள். கல்கத்தாவின் பெரிய கிளப்புகளில் கவரில் வைத்துக் கொடுப்பார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். என்னைக் கேட்டால் கவரைவிட வேலை மேல். கவர் முழங்கால் உடையும் வரைக்கும்தான் வரும். பி.எஃப். அப்படி இல்லை.

1969 ஜூலையில் பதினான்கு வங்கிகள் தேசியமயமான பிறகு நம்ம ஆட்களும் களத்தில் பலமாகவே இருந்தார்கள். பம்பாயின் உள்ளூர் லீகுக்கு ஹார்வுட் லீக் என்று பெயர். அதில் வங்கி அணிகள் ஆடின. திருவனந்தபுரத்தில் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், சென்னையில் இந்தியன் பேங்க் என்று அகில இந்திய அளவில் பேர் வாங்கிய அணிகள் இருந்தன. நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் கிளையில் ஒரு ஹெட் கேஷியர் இருந்தார். கோவாக்காரர், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவர். நோட்டுக் கட்டை எண்ணும்போதுகூட ஒரு காலைக் கொஞ்சம் மடக்கியே உட்காருவார். முழங்கால் கதை. பருவம் நடக்கும் மாதங்களில் மதியம் ஆபீஸை விட்டுக் கிளம்ப அனுமதி உண்டாம். மற்றவர்கள் பொறாமைப்பட்டு, "பந்து உதைக்கச் சம்பளமா?" என்பார்களாம். "நீ மட்டும் என்ன, டீ குடிக்கத்தானே வாங்குகிறாய்?" என்று பதில் சொல்வேன் என்று சிரிப்பார். ப்ரமோஷன் பரீட்சைக்குப் படிக்கவேண்டிய வயதில் கூப்பரேஜில் ஓடிக்கொண்டிருந்ததால், அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேனேஜர் ஆகிவிட்டார்கள். அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. இரண்டு பெண்களைப் படிக்கவைத்து, வசாயில் வீடு வாங்கி, முழுப் பென்ஷனோடு போனார்.

அப்புறம் பட்டியலில் இருந்த முதலாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கால்டெக்ஸ் 1976-இல் அரசுடைமையாகி, 1978-இல் ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தோடு சேர்ந்து பெயரே காணாமல் போனது. 1982 ஜனவரி 18-ஆம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் மில் ஸ்ட்ரைக். சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்த ஸ்ட்ரைக்கிலிருந்து பம்பாயின் துணி ஆலைகள் எழுந்திருக்கவே இல்லை. இன்றைக்கு லோயர் பரேலில் நாம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகும் மால்கள் பல, மில் நிலத்தில் நிற்பவை. ஆந்திரப் போலீஸின் கடைசி ரோவர்ஸ் 1963. ரஹீம் இறந்ததும் அந்த வருடம்தான்.

வெற்றிடத்தைக் கல்கத்தாவும் கோவாவும் நிரப்பின. டெம்போ 1978, 1979 இரண்டு வருடமும் ஜெயித்தது. மோகன் பகான் மொத்தம் 14 தடவை, ஈஸ்ட் பெங்கால் 10 தடவை. அதாவது ஆட்டம் நடப்பது பம்பாயில், கோப்பை ஏறுவது ஹவுரா மெயிலில். உள்ளூர்க்காரன் எத்தனை நாள்தான் அடுத்த ஊர்க்காரனுக்குக் கை தட்டுவான்?

1996 டிசம்பரில் நேஷனல் ஃபுட்பால் லீக் ஆரம்பித்தது. பெரிய கிளப்புகளின் காலண்டர் நிரம்பிவிட்டது. பழைய கோப்பைகளுக்குத் தேதி கிடைப்பது கல்யாண சத்திரத்தில் முகூர்த்த நாள் கிடைப்பது மாதிரி ஆனது. பலர் இந்த லீகைத்தான் குற்றவாளி என்கிறார்கள். எனக்கு அது பாதிக் காரணம்தான். அதே சிக்கல் டூராண்டுக்கும் வந்தது. நடுவில் சில வருடம் நின்றும் போனது. ஆனால் 2019-இல் கொல்கத்தாவுக்கு இடம் மாறி எழுந்துகொண்டது. ஏனென்றால் அதற்குப் பின்னால் ராணுவம் இருக்கிறது. ராணுவம் வி.ஆர்.எஸ். வாங்குவதில்லை. ரோவர்ஸுக்குப் பின்னால் இருந்ததோ மில்லும் கம்பெனியும். அவை போன பிறகு கோப்பையைத் தூக்கிப் பிடிக்க ஊரில் ஆளில்லை.

2000-01 பருவத்தில் மோகன் பகான் வாங்கியதுதான் கடைசி ரோவர்ஸ். அதே நிதியாண்டில்தான் அரசு வங்கிகளிலும் வி.ஆர்.எஸ். வந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வெளியே போனார்கள். ஒன்றுக்கொன்று நேரடித் தொடர்பு இல்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் இரண்டும் ஒரே காலத்தின் கணக்கு. ஆள் குறைப்பு நடக்கும் ஆபீஸில் ஸ்ட்ரைக்கருக்கு யார் வேலை போடுவார்கள்?

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. கார், டிராக்டர் கம்பெனியின் மஹிந்திரா யுனைடெட், 2005-06-இல் தேசிய லீகையே ஜெயித்த அணி, 2010-இல் மூடப்பட்டது. பஞ்சாபின் ஜே.சி.டி. மில்ஸ் அணி 2011-இல். 2013-இல் ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சி.யும் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கிளப் லைசென்ஸ் விதிகளை நிறைவேற்றவில்லை என்று ஐ-லீகிலிருந்து நீக்கப்பட்டன. கிளப் என்றால் தனிக் கம்பெனியாக, தனிக் கணக்கோடு, இளைஞர் அணிகளோடு இருக்க வேண்டும், ஆபீஸின் ஒரு பிரிவாக இருக்கக் கூடாது என்பது அந்த விதிகளின் போக்கு. கணக்குப் படித்தவன் என்ற முறையில் எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அந்தக் கேஷியரை நினைத்தால் அவ்வளவு நியாயமாகப் படவில்லை. இன்றைய ஐ.எஸ்.எல். ஆட்டக்காரன் ஒரு வருடத்தில் வாங்குவதை அவர் மொத்த சர்வீஸிலும் வாங்கியிருக்க மாட்டார். ஆனால் இவனுடைய ஒப்பந்தம் இரண்டு, மூன்று வருடம். 2025-இல் அந்த லீகே குறித்த நேரத்தில் தொடங்காமல் தள்ளிப்போனபோது, சம்பளம் என்ன ஆகும் என்று ஆட்டக்காரர்கள் தவித்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரல் 1-ஆம் தேதி ஸ்டேட் பேங்கில் கரைந்தது. கூப்பரேஜில் இப்போது செயற்கைப் புல். பாந்த்ராவில் நெவில் டிசோசா பெயரில் ஒரு டர்ஃப் மைதானம் இருக்கிறது. மும்பை லீகின் ஆட்டங்கள் அங்கே நடக்கும்போது ஒரு சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ரோவர்ஸ் ஆட்டம் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், டிக்கெட் என்ன விலை, எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள், யாருக்குக் கை தட்டினார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். வங்கி அணியில் ஆடியவர் யாராவது சிக்கினால் இன்னும் விசேஷம்.