தொட்டால் மாறும் தேதி

கையெழுத்துப் படியொன்றின் காலத்தைக் கணிக்க மையையும் தாளையும் நோக்குகிறோம். கணினியின் வெற்றுரைக் கோப்புக்கு அவை இல்லை; இயங்குதளம் குறித்துவைக்கும் தேதிகளே சான்று. அச்சான்றின் தன்மையை அறிய 'டச்' என்னும் யூனிக்ஸ் கட்டளையின் வரலாறு நமக்கு உதவும்.

1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை உருவாக்கினார். மூலக் கோப்பு அதிலிருந்து பிறந்த கோப்பைவிடப் புதியதாயிருந்தால் மட்டுமே அது மீண்டும் தொகுக்கும். எதையும் திருத்தாமலே தொகுக்கவைக்க வேண்டுமெனில்? 1979இல் வெளிவந்த ஏழாம் யூனிக்ஸ் பதிப்பின் 'டச்', கோப்பிலிருந்து ஓர் எழுத்தைப் படித்து, அதே எழுத்தைத் திரும்ப எழுதிவைத்தது. உரை மாறவில்லை, தேதி மாறிவிட்டது! பின்னாளில் விரும்பிய பழைய தேதியையும் இட முடிந்தது. ஷெல்லில் ஒருவரிச் சுழல் போதும், ஆயிரம் கோப்புகள் கணத்தில் முதுமை எய்தும்.

ஆயினும் கோப்பின் விவரக்குறிப்பு மாறிய நேரத்தை யூனிக்ஸ் தனியே பதிகிறது. அதை 'டச்' விரும்பியபடி மாற்ற இயலாது. பொய் சொன்ன நேரம் மெய்யாகவே அங்கே பதிவாகும். (கணினிக் கடிகாரத்தையே திருப்பிவைப்பவரை இதுவும் தடுக்காது.)

நம் கவலை பொய்யரைப் பற்றியதன்று. மறைந்த எழுத்தாளரின் வன்தட்டை அன்போடு படியெடுப்பவர் 'சிபி' கட்டளையுடன் '-பி' சேர்க்க மறந்தால், அவருடைய வரைவுகள் யாவும் படியெடுத்த நாளையே தாங்கி நிற்கும். மூலத்தட்டும் பழுதான பின், எது முதல் வரைவு என்று அக்கோப்புகளின் தேதிகளிடம் கேட்டறிய வழியில்லை.