முதல் மூச்சின் வரலாறு

1963 ஆகஸ்டு 7 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஓட்டிஸ் விமானப்படைத் தளத்து மருத்துவமனையில், குடியரசுத் தலைவர் ஜான் கென்னடிக்கும் அவர் துணைவியார் ஜாக்குலினுக்கும் ஓர் ஆண் மகவு பிறந்தது. நாள் நிறைய இன்னும் ஐந்தரை வாரம் இருந்தது. எடை ஏறத்தாழ 2 கிலோ 100 கிராம். பிறந்த சிறிது நேரத்திலேயே குழந்தைக்கு மூச்சுத் திணறல் கண்டது. தளத்தின் ஆன்ம குரு உடனே திருமுழுக்கு அளித்து, பாட்ரிக் என்று பெயரிட்டார். அன்றே குழந்தையைப் பாஸ்டன் நகருக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்த குழந்தைகள் மருத்துவமனையில், காற்றழுத்தம் மிகுந்த அறை ஒன்றினுள் வைத்து, இரத்தத்தில் எவ்வாறேனும் பிராணவாயுவைச் சேர்த்துவிட முடியுமா என்று முயன்றனர். முடியவில்லை. ஆகஸ்டு 9 விடியற்காலை நான்கு மணியளவில் குழந்தை இறந்தது. அது வாழ்ந்தது 39 மணி நேரம். கர்தினால் குஷிங் தம் இல்லச் சிற்றாலயத்தில் அடக்கத் திருப்பலி நிறைவேற்றினார்.

உலகின் செல்வாக்கு மிக்க மனிதரின் பிள்ளைக்கு எதுவும் குறைவாகச் செய்திருக்கமாட்டார்கள். செய்வதற்கு எதுவும் இல்லை என்பதே உண்மை. இன்று அதே மாதத்தில், அதே எடையில் பிறக்கும் குழந்தை, வசதியுள்ள மாவட்ட மருத்துவமனையிலேயே பெரும்பாலும் பிழைத்துவிடும். இடையில் நடந்தது என்ன என்பதைக் குறைமாதக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தபடி வெளியே அமர்ந்திருக்கும் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது.

முதலில் நோயைப் பார்ப்போம். நம் நுரையீரல் வெறும் காற்றுப் பை அன்று. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணறைகள் சேர்ந்தது அது. ஒவ்வொரு நுண்ணறையின் உட்புறமும் ஈரமானது. ஈரம் இருக்கும் இடத்தில் பரப்பு இழுவிசை இருக்கும். இலைமேல் விழுந்த நீரைத் துளியாகத் திரட்டுவது அதுவே. அந்த இழுவிசை நுண்ணறைகளை உள்நோக்கி இழுத்து, ஒவ்வொரு முறை மூச்சை வெளிவிடும்போதும் அவற்றை மூடிவிடப் பார்க்கிறது. மூடாதபடி காப்பது, நுரையீரலின் உயிரணுக்கள் சிலவற்றில் சுரக்கும், கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு பொருள். சோப்பு, நீரின் இழுவிசையைக் குறைப்பது போல இதுவும் குறைக்கிறது. மருத்துவர்கள் இதனை சர்ஃபாக்டன்ட் என்பர். கருவில் இது சுரக்கத் தொடங்கினாலும், போதுமான அளவுக்கு வருவது ஏறத்தாழ 34, 35 வாரங்களில்தான். அதற்கு முன் பிறந்த குழந்தை ஒவ்வொரு மூச்சையும் முதல் மூச்சைப் போலவே, ஒட்டிக்கொண்ட நுரையீரலைப் பிரித்து விரித்து இழுக்கவேண்டும். சில மணி நேரத்தில் அது களைத்துப்போகிறது. பாட்ரிக்கின் கதை அதுதான்.

இந்த உண்மை வெளிப்பட்ட வழி விசித்திரமானது. 1929-இல் சுவிட்சர்லாந்தில் கர்ட் ஃபான் நீர்கார்ட் என்ற மருத்துவர், இறந்த விலங்கின் நுரையீரலைக் காற்றாலும் நீர்மத்தாலும் நிரப்பிப் பார்த்தார். நீர்மத்தால் நிரப்புவது எளிதாக இருந்தது. காற்றால் நிரப்பவே அதிக அழுத்தம் வேண்டியிருந்தது. பரப்பு இழுவிசையே காரணம் என்று அவர் கண்டார். பிறந்த குழந்தையின் முதல் மூச்சுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றுகூட எழுதினார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

பிறகு அதைத் தேடி வந்தவர்கள் குழந்தை மருத்துவர்கள் அல்லர். நச்சுவாயுப் போருக்குத் தற்காப்பு தேடிய இராணுவ ஆய்வாளர்கள். இங்கிலாந்தில் ரிச்சர்ட் பாட்டில், நுரையீரலில் இருந்து வெளிவரும் நுரையின் குமிழ்கள் உடையாமல் நெடுநேரம் நிற்பதைக் கண்டு 1955-இல் எழுதினார். அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடத்தில் ஜான் கிளமென்ட்ஸ், நுரையீரல் சாற்றின் இழுவிசையை ஒரு சிறு கருவியால் அளந்து, அது சுருங்கும்போது இழுவிசை மிகக் குறைந்துபோவதை 1957-இல் காட்டினார். போருக்கான ஆராய்ச்சி, பிறக்கும் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது.

மேரி எல்லன் ஏவரி அந்தக் கிளமென்ட்ஸைத் தேடிச் சென்றவர். மருத்துவப் படிப்பை முடித்த சில மாதங்களில் காசநோய்க்கு ஆளாகிப் படுக்கையில் கிடந்த இப்பெண்மணிக்கு, நுரையீரல்மேல் ஆர்வம் அப்போதுதான் மிகுந்தது. மூச்சுத்திணறலால் மாண்ட குழந்தைகளின் நுரையீரலில் கண்ணாடி போன்ற ஒரு சவ்வு படிந்திருப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டிருந்தனர். அதனாலேயே நோய்க்கு ஹயலின் சவ்வு நோய் என்று பெயர். அந்தச் சவ்வு எங்கிருந்து வந்தது, பனிக்குட நீரைக் குழந்தை உறிஞ்சியதா என்றெல்லாம் விவாதித்தனர். எல்லாரும் அங்கே இருந்த ஒன்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர். அக்குழந்தைகளின் நுரையீரலில் நுரையே இல்லை என்பதை ஏவரி கவனித்தார். ஹார்வர்டில் ஜெரி மீட் என்பவரோடு சேர்ந்து 1959-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, நோயின் காரணம் அங்கே இல்லாமற்போன ஒரு பொருள் என்று நிறுவியது. கென்னடியின் மகன் பிறந்தபோது இக்கட்டுரை வெளிவந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. காரணம் தெரிந்திருந்தது, மருந்து மட்டும் இல்லை.

பிராணவாயு இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது; அதன் கதை வேதனையானது. 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளுக்குப் பிராணவாயுவைத் தாராளமாகக் கொடுத்தனர். அதன் விளைவாக விழித்திரை கெட்டு, உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்தனர். காரணம் தெரிந்ததும் பிராணவாயுவைக் கட்டுப்படுத்தினர். அப்போது பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் பலர் மூச்சின்றி மாண்டனர். இன்று குழந்தையின் கையிலோ காலிலோ ஒரு சிறு விளக்கைக் கட்டி, பிராணவாயுவின் அளவை நொடிதோறும் செவிலியர் கவனிப்பது இந்த அனுபவத்தால்தான். "இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்களேன்" என்று கேட்கும் தந்தையிடம் மருத்துவர் மறுத்தால், அது கருமித்தனம் அன்று.

அடுத்த படியைக் குழந்தைகளே கற்றுக்கொடுத்தார்கள் என்று சொல்வது மிகையாகாது. இந்நோய் கண்ட குழந்தை மூச்சை விடும்போது முனகும். கேட்கும் தாய்க்கு நெஞ்சு பிளக்கும். அது வெறும் வேதனைக் குரல் அன்று. குரல்வளையைப் பாதி மூடி, காற்று முழுவதும் வெளியேறாமல் குழந்தை தடுக்கிறது. நுண்ணறைகள் மூடிப்போகாமல் காக்க அது தானே கண்டுகொண்ட உபாயம். சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரெகரி, அந்த வேலையைக் குழந்தையிடமிருந்து வாங்கிக் கருவியிடம் கொடுத்தார். மூச்சுவழியில் இடைவிடாமல் மெல்லிய அழுத்தம் தரும் இம்முறையை 1971-இல் 20 குழந்தைகளிடம் செய்ததாக எழுதினார். 16 குழந்தைகள் பிழைத்தன. இன்று மூக்கில் சிறு குழாய் பொருத்தி, மறுமுனை நீரில் குமிழ்விடும்படி அமைத்திருக்கும் எளிய கருவி இதன் வழிவந்ததே. சீபேப் என்று செவிலியர் சொல்வது இதைத்தான்.

இல்லாத பொருளை வெளியிலிருந்து கொடுக்கும் முயற்சிகள் 1960-களில் தோற்றன. அதன் முக்கியக் கொழுப்பை மட்டும் தனியே எடுத்துப் புகைபோலத் தெளித்தனர், அது பயன்படவில்லை. ஜப்பானின் அகிதா நகரில் தெத்சுரோ புஜிவாரா மாட்டின் நுரையீரலிலிருந்து சர்ஃபாக்டன்ட் எடுத்துப் பக்குவப்படுத்தி, குழாய் வழியாக நேரே மூச்சுக்குழலில் செலுத்தினார். 1980-இல் 10 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை உலகை நிமிர்ந்து பார்க்க வைத்தது. சில மணி நேரத்திற்குள் எக்ஸ்-ரே படத்தில் வெண்மையாகத் தெரிந்த நுரையீரல் தெளிந்திருந்தது. ஸ்வீடனில் கர்ஸ்டெட், ராபர்ட்சன் என்ற இருவர் பன்றியின் நுரையீரலிலிருந்து தயாரித்த மருந்து அவர்கள் பெயரின் முன்னெழுத்துகளோடு க்யூரோசர்ஃப் என்று வழங்குகிறது. அமெரிக்க அரசு முதல் சர்ஃபாக்டன்ட் மருந்துக்கு ஒப்புதல் தந்தது 1990-இல். பாட்ரிக் இறந்து 27 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பால் போன்ற வெண்ணிறத் திரவம் அது. குழந்தையின் எடைக்கு ஏற்றபடி சில மில்லிலிட்டர் அளவே கொடுக்கப்படும். சில குழந்தைகளுக்கு இரண்டாம் முறை தேவைப்படும். கொடுத்த பின்னும் குழந்தை ஏன் பல நாள் பெட்டியில் இருக்கிறது என்று உறவினர் கேட்பதுண்டு. மருந்து ஒரு பாலம் மட்டுமே. குழந்தையின் சொந்த உயிரணுக்கள் சுரக்கத் தொடங்கும்வரை சில நாள்கள் தாங்குகிறது. மிகவும் முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்கு மூளை, குடல், கண் எல்லாமே கவனிக்கப்படவேண்டியவை. இப்போது பல மருத்துவமனைகளில் முதலில் சீபேப் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மருந்து தருகிறார்கள். மருந்து தரவில்லை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பெற்றோர் எண்ணவேண்டாம்.

இவை யாவும் பிறந்தபின் செய்வன. பிறக்குமுன்னரே நுரையீரலைப் பக்குவப்படுத்தும் வழி, இவற்றுக்கு முன்பே நியூசிலாந்தில் தெரிந்துவிட்டது. ஆக்லாந்தில் கிரகாம் லிகின்ஸ் என்ற மகப்பேற்று மருத்துவர் பிரசவவலி எவ்வாறு தொடங்குகிறது என்று அறிய ஆடுகளை ஆராய்ந்துவந்தார். கருவிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்திப் பார்த்தார். ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகப் பிறந்த குட்டி ஒன்று, இறந்து கிடந்திருக்கவேண்டியது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நுரையீரலின் ஒரு பகுதி விரிந்திருந்தது. பிரசவத்தைப் பற்றிய ஆய்வில் அது தேவையற்ற செய்தி. லிகின்ஸ் அதை விட்டுவிடவில்லை. ராஸ் ஹௌவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து, குறைமாதப் பிரசவம் நேரவிருந்த 282 தாய்மாரிடம் சோதித்தார். 1972-இல் வெளிவந்த முடிவு இது: ஊசி போடாத தாய்மாரின் குழந்தைகளில் 25.8 விழுக்காட்டினருக்கு மூச்சுத்திணறல் நோய் வந்தது; போட்டவர்களின் குழந்தைகளில் 9 விழுக்காட்டினருக்கு மட்டுமே.

மலிவான மருந்து. தாயின் தசையில் போடும் ஊசி. இருந்தும் பெரும்பாலான மருத்துவர்கள் அதைக் கையாளத் தயங்கினர். பல நாடுகளில் செய்த ஆய்வுகள் ஒவ்வொன்றாக வந்தன; தனித்தனியே பார்த்தால் சில உறுதியாக இல்லை, சேர்த்துப் பார்த்தால் ஐயமே இல்லை. அவ்வாறு சேர்த்துப் பார்க்கும் பணிக்கென 1993-இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு, இந்த ஊசி பற்றிய ஆய்வுகளின் வரைபடத்தையே தன் சின்னமாக வைத்துக்கொண்டது. அமெரிக்க நலவாழ்வுக் கழகங்கள் இதைப் பரிந்துரைத்தது 1994-இல். லிகின்ஸின் கட்டுரைக்கு அப்போது 22 வயது. இத்தனை ஆண்டுகளில் புதைத்த குழந்தைகளை எவர் கணக்கெடுப்பது? கண்டுபிடிக்காததால் நேர்ந்த இழப்பைவிட, கண்டுபிடித்ததை அலமாரியில் வைத்ததால் நேர்ந்த இழப்பு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

நம் நாட்டில் 2014-இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. 24 முதல் 34 வாரத்திற்குள் பிரசவவலி கண்ட தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி போடவேண்டும். 12 மணி நேரத்திற்கு ஒன்றாக நான்கு ஊசி. பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் கிராமச் சுகாதாரச் செவிலியரே முதல் ஊசியைப் போடலாம். ஆயினும் 2015-இல், இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளின் ஊர்ப்புறங்களில் நடந்த பெரிய ஆய்வு அதிர்ச்சி தந்தது. மாதக்கணக்கு சரியாகத் தெரியாமல், குறைமாதக் குழந்தையைப் பேணும் வசதியும் இல்லாமல் பரவலாக ஊசி போட்ட இடங்களில், மொத்தத்தில் குழந்தை இறப்பு குறையவில்லை, சற்றுக் கூடியது. ஊசி பலன் தருவது சரியான வாரத்தில், சரியான தாய்க்கு, பிறந்த குழந்தையைக் காக்கும் கைகள் அருகில் இருக்கும்போதுதான். ஆகவே முதல் மூன்று மாதங்களிலேயே ஸ்கேன் எடுத்து வாரக்கணக்கை உறுதிசெய்துகொள்வது வீண் செலவன்று. இடுப்புவலியோ நீர்க்கசிவோ காலத்துக்கு முன் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் புறப்படவேண்டும். ஊசி முழுப்பலன் தர ஒரு நாள் வேண்டும்.

ஐயம் தீர உலக சுகாதார நிறுவனம் மீண்டும் ஓர் ஆய்வை நடத்தியது. இம்முறை இந்தியா, வங்காளதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், 2,852 தாய்மாரிடம். ஒரு பாதியினருக்கு டெக்ஸாமெத்தசோன். மறுபாதியினருக்கு மருந்தற்ற ஊசி. 2020-இல் முடிவு வெளிவந்தது. மருந்து பெற்றவர்களின் குழந்தைகளில் 19.6 விழுக்காட்டினர் இறந்தனர், பெறாதவர்களிடத்தில் 23.5. ஏறத்தாழ 25 தாய்மாருக்கு ஊசி போட்டால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கும். இன்னும் பல தாய்மாரைச் சேர்ப்பதாக இருந்த இந்த ஆய்வைக் கண்காணிப்புக் குழு இடையிலேயே நிறுத்திவிட்டது. பலன் இவ்வளவு தெளிவான பின், மறுபாதித் தாய்மாருக்கு மருந்தற்ற ஊசியைப் போட்டுக்கொண்டிருக்க அவர்களால் இயலவில்லை.