பத்மஸ்ரீ அனிதாவும் ரோச் பூங்கா ரசிகர்களும்

ரோச் பூங்காவில் சாயங்காலம் கூடும் எங்கள் கூட்டத்தைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். துறைமுகம், உப்பளம், முட்டுவலி என்று பேச்சு ஓடும். 2021 குடியரசு தினத்தன்று மட்டும் கூடைப்பந்து ஓடியது. முந்தின இரவு வந்த பத்ம விருதுப் பட்டியலில் அனிதா பால்துரை பெயர் இருந்தது. பி.டி. சார் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, "பேரைப் பாத்தீரா வே? நம்ம பக்கத்துப் புள்ளை!" என்றார்.

"அவர் சென்னையில் பிறந்தவர் சார்" என்றேன்.

"பால்துரைன்னு பேரு வேற எந்த ஊர்ல வைப்பான்? பேரு போதும் வே."

அதற்கு மேல் வாதாட முடியாது. எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு பால்துரை உண்டு என்பது நிஜம்தான்.

எனக்கு இந்த ஆட்டம் முதலில் பிரெஞ்சில்தான் அறிமுகம். புதுச்சேரியில் படித்த காலத்தில் அதற்கு 'பாஸ்கெத்' என்று பெயர். பந்து வளையத்துக்குள் விழுந்தால் 'பனியே!' என்று கத்துவோம். பனியே என்றால் கூடை. 'கூடைப்பந்து' என்ற தமிழ்ச் சொல்லைப் பிறகுதான் கேட்டேன். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக, பீச் பழக் கூடையை மாட்டி உண்டாக்கிய ஆட்டம் இது. இரண்டே வருடத்தில், 1893 டிசம்பரில், பாரீஸில் த்ரெவீஸ் தெருவிலுள்ள ஒய்.எம்.சி.ஏ. கூடத்தில் ஆடினார்கள். ஐரோப்பாவிலேயே முதல் ஆட்டம் அதுதான். இதைச் சொல்லி எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் பெருமைப்படுவார்.

நம் பக்கம் வந்ததும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். 1924 பாரீஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவரே. அந்தக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த டிரில் மாஸ்டர்கள் மாகாணம் முழுக்கப் பள்ளிகளில் கம்பம் நட்டார்கள். கால்பந்துக்குத் தருவை மைதானம் மாதிரி இடம் வேண்டும். இதற்கு இரண்டு கம்பம், ஒரு சிமெண்ட் தரை போதும். அதனால்தான் உயரமான மதில் சுவருக்குள் இருந்த பெண்கள் பள்ளிகளிலும் இந்த ஆட்டம் பிடித்துக்கொண்டது. ஆனால் உள்ளே நடந்த ஆட்டத்தை வெளியே யாரும் பார்க்கவில்லை. ஆண்களுக்கு விளக்கு வெளிச்சத்தில் ஊரே கூடி நின்று கைதட்டியது. பெண்களுக்குக் கைதட்ட கன்னியாஸ்திரிகளும் சக மாணவிகளும்தான்.

ஊர் கூடுவது என்றால் என்ன என்பதை நான் பெரியகுளத்தில் பார்த்தேன். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாதம் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு, மதுரை போய் பஸ் மாறிப் போவோம். வங்கி அணி, சுங்க இலாகா அணி, ரயில் பெட்டித் தொழிற்சாலை அணி, ராணுவ அணி. ராத்திரி ஆட்டம். நெற்றி ஏறி, தொப்பை எட்டிப் பார்க்கும் ஒரு வங்கி ஆட்டக்காரர் களத்தில் இறங்கினால், 'அண்ணே! அண்ணே!' என்று கேலரி அதிரும். இளவட்டங்கள் அவரைச் சுற்றி ஓடி ஓடிக் களைத்துவிடுவார்கள். அவர் நின்ற இடத்திலிருந்தே போட்டுவிடுவார்.

கிளார்க்காக இருந்தவன் என்பதால் இதன் சூட்சுமம் எனக்குத் தெரியும். நம் நாட்டில் அப்போது தொழில்முறை லீக் கிடையாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்த அரசு ஊழியர்தான் நம் தொழில்முறை ஆட்டக்காரர். முழங்கால் விட்டுக்கொடுக்கும் வரை ஒரே அணி. அமெரிக்காவில் லெப்ரான் ஜேம்ஸ் நாற்பது வயதைத் தாண்டியும் ஆடுகிறார், ஆனால் க்ளீவ்லாண்ட், மயாமி, மறுபடி க்ளீவ்லாண்ட், லாஸ் ஏஞ்சலீஸ் என்று ஊர் மாறிக்கொண்டே. நம் வங்கி அண்ணன் எங்கும் போகமாட்டார். வருஷா வருஷம் அதே சட்டையில் வருவார், ரசிகனும் அவரோடு சேர்ந்து நரைப்பான். இந்த மாதிரி விசிறித்தனம் எனக்குப் பிடிக்கும். ஆன் டியூட்டி விடுப்புக்கு அலுவலகத்தில் முகம் சுளிக்கும் மேலதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை.

பெண்களுக்கு இந்த வாசலைத் திறந்தது ரயில்வே. தேசியப் போட்டிகளில் ரயில்வே பெண்கள் அணியை அசைக்க ஆளில்லை என்ற நிலை பல காலம் இருந்தது. ஆஸ்திரேலியாவில் போய் ஆடிவிட்டு வந்து, 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் தேர்வு வரை போன கீது அன்னா ஜோஸ் தெற்கு ரயில்வே ஊழியர். அனிதாவும் அதே தெற்கு ரயில்வேதான். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இந்திய அணிக்குள் வந்து, பத்தொன்பது வயதிலேயே தலைவியாகி, ஏறக்குறைய பதினெட்டு வருடம் ஆடினார். ஆசிய சாம்பியன்ஷிப் மட்டும் ஒன்பது. தேசியப் போட்டிகளில் முப்பது பதக்கம். 2013இல் தோஹாவில் மூவர் ஆட்டத்தில் ஆசியத் தங்கம். குழந்தை பெற்ற பிறகு திரும்பி வந்து, 2017 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா அரங்கில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவில் ஆடினார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று இந்தியா வென்றது. இரண்டே புள்ளி!

இத்தனையையும் பி.டி. சார் அன்று மனப்பாடமாகச் சொன்னார். எனக்குச் சங்கடமாக இருந்தது. காரணம் இருக்கிறது.

1994. என் மகள் பத்தாவது முடித்திருந்தாள். மாவட்ட அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் இதே பி.டி. சார்தான். சென்னையில் விளையாட்டு விடுதியில் சேர்ப்பதற்கான விண்ணப்பத்தைத் தன் கையாலேயே நிரப்பி, வீட்டுக்கு வந்து கொடுத்தார். தகப்பனார் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பெண் பிள்ளை, தனியாக, அரை டிராயரோடு, நாலு பேர் என்ன சொல்வார்கள். அந்த மே மாதமும் நான் பெரியகுளம் போய் மூன்று ராத்திரி கைதட்டிவிட்டுத்தான் வந்தேன். கையெழுத்துப் போடவில்லை. 'பார்க்கலாம் சார்' என்றேன். அரசாங்க அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். அவர் மறுபடி கேட்கவில்லை. பூங்காவில் இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து மகள் போன் செய்தாள். பேரப் பிள்ளைகள் விசாரணை எல்லாம் முடிந்து, "அப்பா, பேப்பர் பாத்தீங்களா? குழந்தை பிறந்த பிறகும் ஆடியிருக்காங்கப்பா" என்றாள்.

"பாத்தேம்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அந்த ஃபார்ம் இன்னும் வச்சிருக்கீங்களா?"

கிளார்க் புத்தி, எதையும் கிழித்துப் போடாது. பழைய கோப்பில் இருக்கிறது என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் பூங்காவில் பி.டி. சாரிடம், மகள் போன் செய்ததைச் சொன்னேன். விண்ணப்பத்தைப் பற்றியும், இருபத்தேழு வருடம் கழித்து, சொன்னேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது கை லே-அப் நல்லா போடுவா வே" என்றார். "வலது கைதான் கொஞ்சம் சோம்பல். இன்னும் ஆறு மாசம் கெடச்சிருந்தா சரி பண்ணியிருப்பேன்."